அழிவறியா விண்மீன்கள்

கெய்ரோ நகருக்குத் தெற்கே, நைல் நதியின் மேற்குக் கரையில், விளைநிலம் முடிந்து பாலைவனம் தொடங்கும் இடத்தில் சக்காரா அமைந்துள்ளது. அங்குள்ள உனாஸ் மன்னனின் பிரமிடு, கீசாவின் பெரும் பிரமிடுகளைக் கண்டு வந்தவர்களுக்கு ஒரு கற்குவியலாகவே தோன்றும். கட்டி முடிக்கப்பட்டபோதே அதன் உயரம் ஏறத்தாழ 43 மீட்டர்தான். உனாஸ் ஐந்தாம் அரச மரபின் கடைசி மன்னன், கி.மு. 2350-ஐ ஒட்டிய காலத்தவன். 1881-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் மஸ்பெரோ இதன் உள்ளறைகளுக்குள் நுழைந்தபோது, கீசாவின் பெரும் பிரமிடுகளுள் எதிலும் காணப்படாத ஒன்றைக் கண்டார். சுவர்களில் மேலிருந்து கீழாக, பத்தி பத்தியாக, நீல வண்ணம் நிரப்பிய சித்திர எழுத்துகள் செதுக்கப்பட்டிருந்தன. நிமிர்ந்து நோக்கினால் கூரையெங்கும் ஐம்முனை விண்மீன்கள் பரவியிருந்தன.

அந்த எழுத்துகளே இன்று 'பிரமிடு வாசகங்கள்' எனப்படுகின்றன. உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய சமயத் தொகுப்புகளுள் அவையும் ஒன்று. மன்னன் மடிந்துவிட்டான் என்பதை அவை ஒப்புக்கொள்வதே இல்லை. அவன் புறப்பட்டுவிட்டான், வானுக்கு ஏறிக்கொண்டிருக்கிறான் என்றே அவை பேசுகின்றன. ஏணியில் ஏறுகிறான், நறும்புகையோடு எழுகிறான், பறவையாய்ப் பறக்கிறான், ஓரிடத்தில் வெட்டுக்கிளியாய்த் தாவவும் செய்கிறான். வழிகள் பலவாயினும் சென்று சேரும் இடம் வானமே. அங்கே அவன் ஒரு விண்மீனாக நிலைபெற வேண்டும்.

விண்மீன்கள் அனைத்தும் ஒரே தன்மையுடையன அல்ல என்பதை எகிப்தியர் மிகத் தொன்மையிலேயே கண்டிருந்தனர். சில ஒருபோதும் மறைவதில்லை. மற்றவை மறைந்து, நாட்கள் பல கழித்து மீண்டும் தோன்றுகின்றன. மரணத்தை வெல்வது என்றால் என்ன? மறையாமலே இருப்பதா, மறைந்து மீள்வதா? மூவாயிரம் ஆண்டுக்கால எகிப்தியச் சமயம் இவ்விரண்டு விடைகளையும் தன் வானத்திலேயே படித்தது.

வடக்கு நோக்கிய வாயில்

எகிப்தில் நின்று இரவு முழுதும் வடதிசையைப் பார்த்துக்கொண்டிருப்பவர், வான துருவத்தைச் சுற்றியுள்ள விண்மீன்கள் வட்டமிட்டுச் சுழல்வதைக் காண்பார். அவை தொடுவானத்தைத் தொடுவதில்லை, மண்ணுக்குள் இறங்குவதில்லை. எகிப்தியர் இவற்றை 'இகெமு-செக்' என்றனர். அழிவை அறியாதவை என்பது இதன் பொருள். தெற்கே எழுந்து மறையும் விண்மீன்களுக்கு 'இகெமு-வெரெஜ்' என்று பெயர். களைப்பை அறியாதவை என்று பொருள்படும். இரவெல்லாம் வானைக் கடந்து சென்றும் சோர்வடையாத பயணிகள் அவை. இரண்டு பெயர்களும் மதிப்புக்குரியவையே. ஆனால் பிரமிடுக் கால மன்னர்கள் முதலில் நாடியது அழிவறியாதவற்றின் கூட்டத்தை.

உனாஸுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முன்னதாக வாழ்ந்த ஜோசர் மன்னனின் படிப் பிரமிடும் சக்காராவில்தான் உள்ளது. அதன் வடபுறத்தில், எல்லாப் பக்கமும் மூடப்பட்ட சிறிய கல்லறைக்கூடு ஒன்று சற்றே சாய்வாகக் கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே மன்னனின் அமர்ந்த சிலை. கூட்டின் முகப்பில், சிலையின் கண்களுக்கு நேராக, இரண்டே இரண்டு துளைகள். வேறு சாளரம் இல்லை, கதவும் இல்லை. அந்தச் சிலை காண வேண்டியது வடவானம் ஒன்றையே என்று கட்டியவர்கள் முடிவு செய்திருந்தனர். மூலச் சிலை இப்போது கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் நகல் ஒன்று பழைய இடத்தில் அமர்ந்து வடக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பழைய அரச காலத்துப் பிரமிடுகளின் நுழைவாயில்கள் பெரும்பாலும் வடக்குப் பக்கத்தில் அமைந்ததற்கும் இதுவே காரணம். உனாஸின் பிரமிடு முழுவதையுமே ஒரு பயணப் பாதையாக வாசிக்கலாம் என்று எகிப்தியல் அறிஞர் ஜேம்ஸ் ஆலன் விளக்கியுள்ளார். உடல் கிடத்தப்பட்ட மேற்கு அறை 'தூஆத்' என்னும் மறைவுலகம். அதற்குக் கிழக்கிலுள்ள முன்னறை, ஒளி பிறக்கும் தொடுவானம். அங்கிருந்து வெளியேறும் நடை வடக்கு நோக்கித் திரும்பி, அழிவறியா விண்மீன்களின் வானுக்கு இட்டுச் செல்கிறது. இவ்விடத்தில் எகிப்திய மொழியின் ஒரு நயமும் கருதத்தக்கது. விண்மீனைக் குறிக்கும் 'செபா' என்ற சொல்லின் மெய்யெழுத்துகளே வாயிலையும் குறிக்கும், கற்பித்தலையும் குறிக்கும். தூஆத் என்ற சொல்லோ ஒரு வட்டத்துக்குள் விண்மீன் வரைந்து எழுதப்பட்டது. இருண்ட மறைவுலகத்தின் பெயரை எழுதும்போதும் அவர்களால் விண்மீனை விலக்க முடியவில்லை.

கீசாவில் கூஃபு மன்னன் எழுப்பிய பெரும் பிரமிடின் பெயர் 'கூஃபுவின் தொடுவானம்' என்பதாகும். ஏறத்தாழ 230 மீட்டர் நீளமுள்ள அதன் பக்கங்கள், உண்மையான வடதிசையிலிருந்து ஒரு பாகையில் பதினைந்தில் ஒரு பங்கு அளவே விலகியிருக்கின்றன. காந்த ஊசி அறியாத காலத்தில் இது எவ்வாறு இயன்றது? 2000-ஆம் ஆண்டில் கேட் ஸ்பென்ஸ் என்ற ஆய்வாளர், 'நேச்சர்' இதழில் ஒரு விளக்கத்தை வெளியிட்டார். துருவத்தின் இருபுறமும் எதிரெதிரே நிற்கும் இரண்டு விண்மீன்கள் தூக்குநூலின் மீது ஒன்றன்மேல் ஒன்றாக நேர்ப்படும் நொடியில் அந்நூல் வடக்கைக் காட்டும் என்பதே அவரது கருத்து. அவ்விரண்டில் ஒன்று, நம் நாட்டில் சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டர் என வழங்கும் விண்மீன். சூரிய நிழலைக் கொண்டே வடக்கை அறிந்திருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு. முறை எதுவாயினும், இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கற்களை அடுக்கத் தொடங்குமுன் அவர்கள் வானைப் பார்த்துத் திசையைத் தெளிந்தனர் என்பதில் ஐயமில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. கீசாவின் மூன்று பிரமிடுகளும் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடைவாரில் உள்ள மூன்று மீன்களைத் தரையில் நகலெடுத்தவை என்றொரு கருத்து, 1990-களில் வெளிவந்த நூல்களால் உலகெங்கும் பரவியது. எகிப்தியல் அறிஞர்கள் அதனை ஏற்கவில்லை. மூன்று பிரமிடுகளும் ஒரே திட்டத்தின்படி எழுந்தவை அல்ல. வெவ்வேறு மன்னர்கள் தத்தம் காலத்தில் கட்டியவை. எகிப்தியர் தம் கைப்படச் செதுக்கி வைத்த வாசகங்களே போதிய வியப்பைத் தரும்போது, அவர்கள் சொல்லாததைத் தேடி அலைவது வீண் வேலை.

விழுங்கும் தாய்

வானம் எகிப்தியருக்கு ஒரு பெண். நூட் என்பது அவள் பெயர். பூமியாகிய கெப் ஆண். அவன் மல்லாந்து கிடக்க, அவள் கைவிரல்களையும் கால்விரல்களையும் தரையில் ஊன்றி அவன்மீது வில்லாய் வளைந்திருக்கிறாள். இடையே காற்றுத் தெய்வமான ஷு நின்று அவளைத் தாங்குகிறான். மாலையில் சூரியன் அவள் வாய்க்குள் புகுந்து, இரவெல்லாம் அவள் உடலுக்குள் பயணம் செய்து, காலையில் மீண்டும் பிறக்கிறான். விண்மீன்கள் விடியலில் அவளுள் புகுந்து, மாலையில் வெளிவருகின்றன.

இதைப் பற்றி ஒரு கதை உண்டு. அபைடோஸ் நகரில் முதலாம் சேத்தி மன்னன் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய நினைவுக் கட்டடத்தின் கூரையில் நூட் தேவியின் பெரிய உருவமும் அதனைச் சூழ்ந்த விளக்கங்களும் உள்ளன. அறிஞர்கள் இதனை 'நூட் நூல்' என்பர். அதன்படி, தன் மக்களாகிய விண்மீன்களை அவள் விழுங்குவதைக் கண்டு கெப் சினம் கொண்டான். தான் ஈன்ற குட்டிகளையே தின்னும் பெண்பன்றி என்று அவளுக்குப் பழிப்பெயர் ஏற்பட்டது. ஷு குறுக்கிட்டு அவளை உயரத் தூக்கினான். அவள் விழுங்குவது கொல்வதற்காக அல்ல, மறுபடி பெறுவதற்காக என்பது அப்போதுதான் விளங்கியதாம். சிற்றூர்த் திண்ணையில் சொல்லத்தக்க எளிய கதை இது. ஆயினும் தந்தையின் சினத்துக்குள் இருக்கும் கேள்வி எளியதன்று. கண்ணெதிரே பிள்ளைகள் மறைகின்றனர்; மீள்வார்கள் என்பதற்கு என்ன உறுதி?

எழுபது நாட்கள்

அந்த உறுதியை அளித்தது ஒரு விண்மீன். திருவாதிரை மீனைத் தோளில் தாங்கிய ஓரியன் கூட்டத்தை எகிப்தியர் 'சாஹ்' என்றனர். அது ஓசிரிஸ் தெய்வத்தின் வடிவம். அதனைத் தொடர்ந்து எழும் சிரியஸ், வானிலேயே மிகவும் பிரகாசமான விண்மீன். அதற்கு 'சோப்தெத்' என்று பெயர். அது ஐசிஸ் தேவி. தம்பி சேத்தால் கொல்லப்பட்ட ஓசிரிஸ் முன்னே செல்ல, அவரைத் தேடி அலைந்து, சிதைந்த உடலை ஒன்றுசேர்த்து உயிர்ப்பித்த மனைவி பின்னே வருகிறாள். ஆண்டுதோறும் வானில் நடக்கும் இவ்வூர்வலத்தை நைல் கரையின் குடியானவர்கள் அனைவரும் கண்டிருப்பர்.

சோப்தெத் ஆண்டில் ஏறத்தாழ எழுபது நாட்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அக்காலத்தில் அது சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால், பகலொளியில் மறைந்துவிடுகிறது. பிறகு ஒரு நாள், கிழக்கு வெளுக்கும் நேரத்தில், தொடுவானத்துக்குச் சற்று மேலே சில நிமிடங்கள் மட்டும் மின்னிவிட்டு மறைகிறது. பிரமிடுகள் எழுந்த காலத்தில் இந்நிகழ்ச்சி கோடையின் உச்சத்தில் நேர்ந்தது. அதே நாட்களில்தான் எத்தியோப்பிய மலைகளில் பெய்த மழைநீர் நைல் நதியில் பெருகத் தொடங்கும். வறண்டு வெடித்த நிலம் வெள்ளத்தில் மூழ்கி, கரிய வண்டலைப் பெறும். இறந்தவள் திரும்பினாள், நதி உயிர்பெற்றது, ஆண்டு பிறந்தது. இம்மூன்றும் ஒரே விடியலின் மூன்று பெயர்கள்.

இதனை வெறும் கவிதைக் கற்பனையாக அவர்கள் விட்டுவிடவில்லை. மூன்றாம் செனுஸ்ரெத் மன்னனின் ஏழாம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 19-ஆம் நூற்றாண்டில், லாஹுன் என்ற ஊரின் கோயிலில் எழுதப்பட்ட பாபிரஸ் கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. மந்திரம் ஓதும் குருவுக்கு எழுதப்பட்டது அது. பருவத்தின் நான்காம் மாதம் பதினாறாம் நாள் சோப்தெத் எழுவாள், கோயிலாருக்கு அறிவிக்கவும் என்பதே அதன் சாரம். நிவேதனத்துக்கு வந்த ரொட்டியும் பீரும் தனியே கணக்கெழுதப்பட்டுள்ளன. அலுவலகக் குறிப்பு ஒன்று மூவாயிரத்து எண்ணூறு ஆண்டுகள் பிழைத்திருக்கிறது. எகிப்தின் காலவரிசையை வகுக்க முயலும் அறிஞர்கள் இன்றும் இந்தக் கடிதத்தையே ஓர் ஆதாரமாகக் கொள்கின்றனர்.

மன்னர்களின் நாள்காட்டி ஒருபுறம் தன் போக்கில் சென்றது. முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதங்கள், அவற்றின் முடிவில் ஓசிரிஸ், ஹோரஸ், சேத், ஐசிஸ், நெப்தீஸ் ஆகிய ஐவரின் பிறந்த நாட்களாக ஐந்து நாட்கள் என மொத்தம் 365 நாட்கள். கால் நாளைக் கணக்கில் சேர்க்காததால், நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நாள்காட்டி வானிலிருந்து விலகிச் சென்றது. ஆண்டுப் பிறப்பும் சோப்தெத்தின் எழுச்சியும் ஒன்றுகூட 1,461 எகிப்திய ஆண்டுகள் ஆகும். கி.மு. 238-இல் மூன்றாம் தாலமியின் காலத்தில் குருமார் கூடி, நான்காண்டுக்கு ஒரு நாளைக் கூட்டுமாறு கல்லில் பொறித்து ஆணையிட்டனர். மக்கள் ஏற்கவில்லை. பழைய கணக்கே தொடர்ந்தது.

எழுபது நாள் மறைவை எகிப்தியர் மனித மரணத்தோடு பொருத்தினர். இறந்தவரின் உடலை நேட்ரான் உப்பிட்டு உலர்த்தி, துணியால் சுற்றி, அடக்கம் செய்யும் வரையிலான பதனிடும் காலம் எழுபது நாட்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸும் எழுபது என்ற எண்ணையே குறிப்பிடுகிறார். நூட் நூலில் இத்தொடர்பு வெளிப்படையாகவே பேசப்படுகிறது. அங்கே விண்மீன் இறக்கிறது. தூஆத்தில் உள்ள பதனிடும் இல்லத்துக்குள் செல்கிறது. எழுபது நாட்கள் தங்கித் தன் மாசுகளைக் களைகிறது. தூய்மையுற்று மீண்டும் வானில் பிறக்கிறது. வீட்டில் ஒருவரை இழந்து எழுபது நாட்கள் காத்திருந்த எகிப்தியக் குடும்பத்துக்கு, அந்த நாட்கள் வெறும் துக்க நாட்களாக இருந்திருக்க முடியாது. வானில் எதுவும் தொலைந்துபோவதில்லை என்பதை அவர்கள் ஆண்டுதோறும் தம் கண்களால் சரிபார்த்திருந்தனர்.

பேழையின் மூடியில் வானம்

சோப்தெத்தைப் போலவே ஏறத்தாழ எழுபது நாள் மறைந்து மீளும் வேறு விண்மீன்களையும் விண்மீன் குழுக்களையும் தேர்ந்தெடுத்து, மொத்தம் முப்பத்தாறாக வகுத்தனர். பத்து நாளுக்கு ஒன்றாக இவை விடியற்காலையில் புதிதாய் எழும். கிரேக்கர் பிற்காலத்தில் இவற்றுக்கு 'டெகான்' என்று பெயரிட்டனர். பத்து என்னும் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. எந்த ஒரு வேளையிலும் முப்பத்தாறில் ஏழு தூஆத்தில் இருக்கும். இருபத்தொன்பது வானில் வாழும். ஒரே இரவில் இவை அடுத்தடுத்து எழுவதைக் கொண்டு இரவைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்தனர். பகலுக்கும் பன்னிரண்டு என்று கொள்ள, நாளுக்கு இருபத்துநான்கு மணி என்னும் இன்றைய கணக்கின் வேர் இங்கே இருக்கிறது.

இந்த விண்மீன் கடிகாரங்கள் கிடைத்த இடம்தான் வியப்புக்குரியது. கோயில் கோபுரங்களிலோ அரண்மனைகளிலோ அவை கிடைக்கவில்லை. கி.மு. 2100-ஐ ஒட்டிய காலம் முதல், பெரும்பாலும் நடு எகிப்தின் அஸ்யூத் நகரில், மரப் பேழைகளின் மூடியின் உட்புறத்தில் அவை வரையப்பட்டிருந்தன. இருபதுக்கும் மேற்பட்ட பேழைகள் இதுவரை அறியப்பட்டுள்ளன. கட்டங்களில் ஒவ்வொரு விண்மீனின் பெயரும் பத்து நாளுக்கு ஒரு படியாக மேலேறி, மூடியின் குறுக்கே சாய்ந்து செல்கிறது. நடுவில் நூட், சாஹ், சோப்தெத், வடவானத்து எருதின் முன்னங்கால் ஆகியவற்றின் உருவங்கள். படியெடுத்தவர்கள் பல இடங்களில் பிழை செய்துள்ளனர்; சில பத்திகளை விட்டுவிட்டனர். அந்த அட்டவணையைக் கொண்டு உயிருள்ளவர் எவரும் நேரம் பார்த்திருக்க முடியாது. பார்க்க வேண்டியவர் உள்ளே மல்லாந்து கிடந்தார்.

இப்பேழைகளின் உரிமையாளர்கள் மன்னர்கள் அல்லர். ஊர்த் தலைவர்களும் அலுவலர்களும் அவர்தம் குடும்பத்தாரும் ஆவர். உனாஸின் காலத்தில் அரசனுக்கே உரியதாயிருந்த வானம், அவனுக்குப் பின் அரசிகளின் பிரமிடுகளுக்குள்ளும் நுழைந்து, முந்நூறு ஆண்டுகளுக்குள் அஸ்யூத் நகரத்து அலுவலரின் பேழைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. மறையாத வடமீன்களோடு சேர்வது அரசனின் கனவாயிருந்தது. மறைந்து மீளும் மீனாதல் எல்லோருக்குமான நம்பிக்கையாக வளர்ந்தது. இறக்கும் தெய்வமான ஓசிரிஸின் வழிபாடு நாடெங்கும் பரவியதும் இதே காலத்தில்தான். ஆண்களும் பெண்களும் இறந்தபின் ஓசிரிஸின் பெயரைத் தம் பெயருக்கு முன் சேர்த்துக்கொண்டனர்.

வானை இரவுதோறும் கவனிக்கத் தனியே குருமார் இருந்தனர். 'மணி காப்போர்' என்று பொருள்படும் பட்டம் பெற்ற இவர்கள், கோயில் மாடத்தில் எதிரெதிரே அமர்ந்து, பிளவுள்ள பனையோலை நரம்பின் வழியாகவும் தூக்குநூலின் வழியாகவும் விண்மீன்களை நோக்கினர். கி.மு. 12-ஆம் நூற்றாண்டு ராம்செஸ் மன்னர்களின் கல்லறைகளில் இவர்களது அட்டவணைகள் காணப்படுகின்றன. அமர்ந்த மனிதன் ஒருவனின் உருவத்தை அளவுகோலாகக் கொண்டு, இந்த மணியில் இன்ன மீன் 'இடக் கண்ணின்மேல்', 'வலக் காதின்மேல்', 'நெஞ்சுக்கு நேராக' என்று குறித்துள்ளனர். தாலமி அரசர் காலத்து ஹர்கெபி என்ற வானியலாளரின் சிலையில் அவரது திறமைகள் பொறிக்கப்பட்டுள்ளன. விண்மீன்களின் உதயமும் மறைவும் அறிந்தவர் என்று புகழும் அக்கல்வெட்டு, பாம்பையும் தேளையும் கட்டுப்படுத்தவும் வல்லவர் என்று சேர்த்துக் கூறுகிறது. அவர் காலத்துக் கோயிலில் இவையெல்லாம் ஒரே கல்வியின் பகுதிகள்.

முப்பத்தாறு மீன்களும் எகிப்தோடு நின்றுவிடவில்லை. பாபிலோனியரின் பன்னிரு ராசிகள் கிரேக்கர் வழியே எகிப்துக்கு வந்தபோது, ராசிக்கு மூன்றாக இவை அவற்றுள் கலந்தன. கிரேக்கச் சோதிட நூல்களின் வழியே அச்சொல் இந்தியாவுக்கும் வந்து 'திரேக்காணம்' ஆயிற்று. 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் 'பிருகத் ஜாதக'த்தில் முப்பத்தாறு திரேக்காணங்களின் உருவங்களையும் விவரித்துள்ளார். பிரமிடு கட்டியவர்களோ ஜாதகம் கணித்ததும் இல்லை, ராசிகளை அறிந்ததும் இல்லை. பிறந்த வேளையைக் காட்டிலும் இறந்தபின் வரும் வேளையே அவர்களது கவலை.

சங்கிலியால் பிணைத்த கால்

வடவானத்தின் அழிவறியா மீன்களுக்கு என்ன ஆயிற்று? எகிப்தியர் அவற்றைக் கைவிடவில்லை. சப்தரிஷி மண்டலத்தின் ஏழு மீன்களை அவர்கள் எருதின் முன்னங்காலாகக் கண்டு 'மெஸ்கெத்யூ' என்றனர். அதே பெயர் ஒரு கருவிக்கும் உண்டு. பதனிட்ட உடலை நிமிர்த்தி நிறுத்தி, அதன் வாயைத் தொட்டு, உண்ணவும் பேசவும் ஆற்றல் அளிக்கும் 'வாய் திறத்தல்' சடங்கில் பயன்பட்ட வாய்ச்சி அது. தச்சரின் வாய்ச்சியைப் போலவே வளைந்த அதன் வடிவம், ஏழு மீன்களின் வடிவத்தை ஒத்திருந்தது. தூத்தன்காமன் கல்லறையின் சுவரில், அவனுக்குப்பின் அரசனான ஆய், சிறுத்தைத் தோல் போர்த்தி, இறந்த மன்னனின் முகத்துக்கு நேரே இக்கருவியை நீட்டி நிற்கும் காட்சியை இன்றும் காணலாம். அழியாத மீன்களின் பெயரைத் தாங்கிய கருவி மூடிய வாயைத் திறக்கிறது.

அதே ஏழு மீன்களைப் பற்றி இன்னொரு மரபும் இருந்தது. அது ஓசிரிஸைக் கொன்ற சேத்தின் காலாம். ஹோரஸ் அதனை வெட்டி வானில் எறிந்தான். கல்லறைக் கூரைகளில், பெரிய நீர்யானை வடிவில் ஒரு தேவி அக்காலின் அருகே கட்டுத்தறியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஆறாம் ராம்செஸின் கல்லறையிலுள்ள இரவு நூல் இதன் காரணத்தைச் சொல்கிறது. பொற்சங்கிலியால் அந்தக் கால் பிணைக்கப்பட்டுள்ளது. ஐசிஸே நீர்யானையாகி அதனைக் காக்கிறாள். தென்வானில் ஓரியனின் பின்னே உள்ள தெய்வங்களிடம் அது சென்றுவிடக் கூடாது.

இந்தக் கருத்து சற்று நின்று எண்ணத்தக்கது. மறையாமல் சுற்றிவருவது அழிவின்மையின் அடையாளம் என்று பிரமிடு கட்டியவர்கள் நினைத்தனர். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அவர்களின் வழித்தோன்றல்கள் அதே சுழற்சியைப் பார்த்து, அது கட்டப்பட்டிருக்கிறது என்றனர். மறைவுலகத்துக்குள் இறங்க இயலாதது மாசு களைந்து மீளவும் இயலாது. கொலையாளியின் கால் ஒருபோதும் மறைவதில்லை. ஓசிரிஸ் ஆண்டுதோறும் மறைந்து எழுகிறார். முந்தைய கருத்தைப் பிந்தையது அழித்துவிட்டதாகவும் கூற முடியாது. வாய்ச்சியும் சங்கிலியும் ஒரே காலத்தில், ஒரே பள்ளத்தாக்கின் கல்லறைகளில் தீட்டப்பட்டன. முரண்பட்ட இரண்டு விடைகளை அருகருகே வைத்துக்கொள்வதில் எகிப்தியருக்குக் கூச்சம் இருந்ததில்லை. மரணத்தைப் போன்றதொரு பொருளில் அதுவே நேர்மையான வழி என்றும் கருதலாம்.

வானமும் அவர்கள் நினைத்ததைப் போல் நிலையாக இருக்கவில்லை. பூமியின் அச்சு பம்பரத்தைப் போல் மெல்லத் தலைசுற்றுகிறது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 25,800 ஆண்டுகள் ஆகும். அயன சலனம் எனப்படும் இதனால் துருவம் விண்மீன்களிடையே இடம் பெயர்கிறது. பிரமிடுக் காலத்தில் துருவத்துக்கு அருகே இருந்தது தூபான் என்ற மங்கலான மீன். இன்று இருப்பது போலாரிஸ். கூஃபு வாழ்ந்த நாளில் எருதின் முன்னங்காலின் ஏழு மீன்களும் கீசாவின் தொடுவானத்தைத் தொடாமல் சுற்றிவந்தன. இன்று அதே மணல்மேட்டில் நின்று பார்த்தால், ஏழில் ஆறு தொடுவானத்துக்குக் கீழே இறங்கி மறைகின்றன; துபே என்னும் ஒரு மீன் மட்டும் மறையாமல் தப்புகிறது. அழிவறியாதவை மறையக் கற்றுக்கொண்டுவிட்டன.

சோப்தெத் இன்றும் மறைந்து எழுகிறாள். அயன சலனத்தாலும் வேறு காரணங்களாலும் நாள் தள்ளிப்போய், கெய்ரோவில் இப்போது ஆகஸ்டு மாதத்தின் முற்பகுதியில்தான் விடியலில் தென்படுகிறாள். அவளை வரவேற்க நதி பெருகுவதில்லை. 1970-இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிக்கப்பட்டபின், நைல் நதியின் ஆண்டு வெள்ளம் எகிப்தின் வயல்களுக்கு வருவது நின்றுவிட்டது.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சோட்டெர் என்பவரின் பேழை இருக்கிறது. அவர் 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமானியர் ஆட்சியில் தீப்ஸ் நகரத்து அதிகாரியாக இருந்தவர். பெயர் கிரேக்கப் பெயர். உனாஸின் கூரைக்கும் சோட்டெரின் பேழைக்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூற்றைம்பது ஆண்டுகள். பேழை மூடியின் உட்புறத்தில், மேஷம் முதல் மீனம் வரை வெளிநாட்டிலிருந்து வந்த பன்னிரு ராசிகள் இருமருங்கும் வரையப்பட்டுள்ளன. அவற்றின் நடுவே, கைகளை உயர்த்தி, கீழே கிடப்பவரின் முகத்தைப் பார்த்தபடி நூட் நிற்கிறாள்.